கத்திரி படாத பட்டு

நேற்று எங்கள் ஊர் மண்டபத்தில் பல்கலைக்கழக மாணவிகளின் பரதநாட்டியம். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்று நடைமுறையில் ஒன்றும் விடுபடவில்லை, நடனம்தான் தாமதம். திரை விலகியதும், முழங்கால் மடக்கிய அரைமண்டியில் விசிறிபோல் விரிந்த பட்டு மடிப்புகள் என்னைப் பள்ளி நாட்களுக்குக் கொண்டுபோயின.

அப்போது அக்கா சென்னையில் படித்தாள். அவளுடைய கல்லூரி நடனக் குழு காஞ்சிபுரத்தில் ஆட வந்தது. மகள் சொந்த ஊரில் ஆடப்போகிறாள் என்று அப்பா தன் தறியிலேயே அரக்குப் புடவை நெய்து வைத்திருந்தார். தையற்காரர் அதை விரித்துக் கத்திரியை எடுத்தபோதுதான் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது.

"இன்னாபா பண்ற? முழுப் பொடவைய வெட்டுவியா?"

"வெட்டாம எப்பிடி மொதலியாரே டான்ஸ் டிரஸ் தைக்கிறது?"

"தறியிலேர்ந்து அறுக்கறதோட சரி. அப்பறம் எங்க வூட்ல பட்டு மேல கத்திரி வெக்க மாட்டோம். அப்பிடியே கட்டிக்கினு ஆடட்டும்."

"கால் தடுக்கும்பா," என்று அக்கா அழுதாள். தைத்த உடை இல்லாமல் மேடையேறக் கூடாது என்பது குழுவின் விதி. வேறு உடைக்கு நேரமில்லை.

மறுநாள் மற்றவர்கள் ஆடினார்கள். அக்கா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கீழே எங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியாமா, மேல ஆடறவங்க எல்லாரையும் விட உன் பொடவதான் எடுப்பா இருக்குது," என்றார் அப்பா, உண்மையான சந்தோஷத்தோடு. அக்கா தலையாட்டினாள். அந்த ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணம். பிறகு அவள் எங்கும் ஆடவில்லை.

நேற்று நன்றியுரையில் மாணவிகளின் பெற்றோருக்கு நன்றி சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கம் என்பதால் நானும் தட்டினேன்.