வால்வும் வாலும்

முதலில் வருவது பாட்டு அல்ல, வாசனை. பழைய வால்வு ஆம்ப்ளிபயரை நெடுநாள் கழித்துப் போட்டால், கண்ணாடிக் குழாய்களின் மேல் படிந்த தூசி சூடேறி, இஸ்திரிப்பெட்டி துணியைச் சற்றே தீய்த்தது போல ஒரு நெடி கிளம்பும். அந்த நெடி வந்தால் இன்றும் என் கை ஸ்பீக்கர் ஒயரைத் தேடும்.

ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் வீட்டில் நான்கு பவர்லூம் தறிகள். அவை ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அவை நின்றால் கரண்ட் இல்லையென்று அர்த்தம், ஆம்ப்ளிபயரும் பாடாது. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், திருப்பதியில் ஒரு மைக் செட்காரர் கழித்துவிட்ட வால்வு ஆம்ப்ளிபயரை நைனா பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கி வந்தார். ஆக, எங்களுக்குக் கேட்க வாய்த்தது மாதத்தில் ஒரே நாள், தறிக்கு லீவு விடும் அமாவாசை.

ரேடியோவை அதில் சொருகி, ஸ்பீக்கர் ஒயரைப் பின்னால் முடுக்கிய நைனா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது வால்வு, நீ வாலு. ரெண்டும் தனியா இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் இல்லாம ஸ்விட்ச் போட்டா உள்ள டிரான்ஸ்பார்மர் எரிஞ்சிபூடும்."

அடுத்த அமாவாசைக் காலையில் நைனா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஸ்விட்சைப் போட்டேன். சத்தமில்லை. குமிழைக் கடைசிவரை திருகினேன். சத்தத்துக்குப் பதில் அந்த நெடி வந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால், அம்மா வீடு கழுவும்போது கழற்றிய ஒயர் எலிவால் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பதறி அணைத்து, ஒயரை மாட்டி, மறுபடி போட்டேன். அப்போதும் பேச்சு மூச்சில்லை. எரித்துவிட்டேன் என்று முடிவு செய்து, கார்வேட்டிநகரம் அத்தை வீட்டுக்கு ஓடிவிடலாமென்று கிளம்பினேன். அத்தைக்கு என்னைப் பிடிக்காது என்பது வாசற்படியில்தான் நினைவுக்கு வந்தது. தெருமுனையில் பையோடு நைனா.

வால்வு சூடேறிப் பேச அரை நிமிஷம் ஆகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் தெலுங்கு வேளாண்மைச் செய்தி வெடித்தது. அடுப்படியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. எதிர்வீட்டுத் தறிக்காரர் வெளியே வந்து, "மாங்கா மரத்துல பூச்சின்னா நகரிக்கே சொல்லணுமாடா?" என்றார்.

நைனா உள்ளே வந்தார். திருகுவதற்கு வசதியாகக் காதைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவரோ ஸ்பீக்கரிடம் தலையைச் சாய்த்து, "ஏன்டா இவ்ளோ மெதுவா வெச்சிக்கினு கீறே? கொஞ்சம் ஏத்து" என்றார்.

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த நான்கு தறிகளும் இத்தனை வருஷமாக என்ன தின்றுகொண்டிருந்தன என்று அன்றுதான் தெரிந்தது. குமிழில் மேலே போக இடமில்லை. திருகுவதுபோல் பாவனை செய்தேன்.

"இப்போ?"

"ஆங், இப்போ நல்லா கேக்குது."

தறிகள் இரும்புக்குப் போய்விட்டன. நைனாவும் போய்விட்டார். போன மாதம் நானும் என் திருச்சானூர் வாடகை வீட்டுக்குப் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி வந்தேன். ஒயரை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச். அந்த அரை நிமிஷம் மூச்சு விடுவதில்லை. பாட்டு வந்ததும் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்: "சார், சவுண்டு கொஞ்சம் தக்கிஞ்சண்டி." குறைப்பதுபோல் குமிழைத் தொட்டு, "இப்போ?" என்பேன். அவர் காது நல்ல காது, ஏமாறுவதில்லை.