சிடியில் எழுதிய தேதிகள்

என் மேசை இழுப்பறையில் வெள்ளைக் காகித உறைக்குள் ஒரு சிடி இருக்கிறது. அதன் மேல்பக்கத்தில் நீல நிற பால்பாயிண்ட் பேனாவால் பதினெட்டுத் தேதிகள் வட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் தேதி, கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை பார்த்த இரும்பு உருக்காலையில் இதில் உள்ள படத்தை எடுத்த நாள். மற்ற பதினேழிலும் நாளும் மாதமும் ஒன்றே, ஆண்டு மட்டும் வேறு. அது கிரேன் அண்ணன் இறந்த நாள்.

அண்ணன் எளாவூர்க்காரர். தலைக்கு மேலே ஓடும் கிரேனில் உட்கார்ந்து, உருகிய இரும்பு நிறைந்த கொப்பரையைத் தூக்கி நகர்த்துவார். நான் கீழே ஷிப்ட் பதிவேடு எழுதுபவன். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க வேண்டும். மூன்றாவது பிரதியில் எழுத்து விழாவிட்டால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அழுத்தி எழுதியே கை பழகிவிட்டது. ஷிப்ட் முடிந்து இறங்கி வரும் அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். “இன்னா நைனா, பேப்பர்ல எழுதுறியா, டேபிள்ல எழுதுறியா?”

புதிதாகச் சேர்கிறவர்களுக்காக ஆலையில் ஒரு பாதுகாப்புப் படம் எடுத்தார்கள். கேமரா முன் பேச அண்ணனைத்தான் நிறுத்தினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். அடுத்த ஆண்டே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. ஆலையை மூடியபோது, குப்பையில் போகவிருந்த அந்தச் சிடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் கேசட் காலத்து ஆள். ஓட்ட ஓட்டத் தேயும் என்று நம்பி, அதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் அவருடைய நாளில் எடுத்து, துடைத்து, தேதியை எழுதி, உறையில் திரும்ப வைத்தேன். அதுதான் நான் அவருக்குச் செய்த திதி.

இந்த ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிறு காலை பத்தே காலுக்கு அண்ணியும் மகளும் வந்தார்கள். அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். மடிக்கணினியில் சிடி போடும் வசதி இல்லாததால், வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். சிடி வேகமாகச் சுற்றியது, தயங்கியது, மறுபடி சுற்றியது. டிக் டிக்கென்று ஒரு சத்தம். பிறகு படிக்க முடியவில்லை என்ற அறிவிப்பு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். கேபிளை மாற்றினேன். அதே சத்தம். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரும் கவரைப்பேட்டையில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பழைய கணினியில் சிடியைப் போட்டு, சுற்றும் வேகத்தை மிகக் குறைத்தார். படம் வந்தது. இசை, ஆலையின் வாயில், வரிசையாக ஹெல்மெட்டுகள், பிறகு அண்ணன். மகள் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகே போனாள். அவர் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார். படம் அங்கேயே நின்றுவிட்டது. வேறு இரண்டு டிரைவ்களில் போட்டோம். இரண்டிலும் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

கடைக்காரர் சிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “கீழ ஒரு கீறல்கூட இல்ல சார். கண்ணாடி மாதிரி வெச்சிக்கினு இருக்கீங்க.” பிறகு அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.

“இதுல படம் மேல்பக்கம் இருக்கிற வெள்ளித் தோலுல கீது சார். பேனா பட்ட எடமெல்லாம் உரிஞ்சிப்போச்சி. இன்னாத்துக்கு இவ்ளோ அழுத்தி எழுதினீங்க?”

அண்ணி என் முழங்கையைத் தொட்டார். “உடு தம்பி. வருஷா வருஷம் மறக்காம எழுதினியே.” ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மகள் நின்றுபோன படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டாள். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டாள். “அப்பா கொரலு எப்டி இருக்கும் சித்தப்பா?”

சொல்லத் தொடங்கினேன். படம் எடுத்தது வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து, அண்ணனுக்கு அன்று காலை ஷிப்ட், காக்கிச் சட்டை, இடது பையில் கையுறை. சத்தம் போட்டால் இங்கே எவனுக்கும் கேட்காது, கையைத் தூக்கு என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். எல்லாம் நினைவில் இருந்தது. குரலைத் தேடினேன். உருக்காலையின் இரைச்சல்தான் கேட்டது. அவள் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டு, ரயில் வருகிறது என்றாள்.

சென்னையிலும் கேட்டுப் பார்த்தேன். உரிந்துபோன தோல் போனதுதானாம்.

நேற்று அவருடைய நாள், செவ்வாய்க்கிழமை. பழக்கத்தில் பேனாவைத் திறந்துவிட்டேன். மூடி வைத்துவிட்டு, சிடியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். என் எழுத்து வழியாக வெயில் வந்தது. பதினெட்டுத் தேதிகளையும் தெளிவாகப் படிக்க முடிந்தது. ஒன்றுகூட அழியவில்லை.