ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்ற முனீஸ் அண்ணன்

போன மாதம் ஒரு காலையில் முனீஸ்வரனின் மகள், நான் வேலை பார்க்கிற கே.கே. நகர் பல் கிளினிக்குக்கே வந்து சொன்னாள். "அத்தே, அப்பா நேத்துப் போயிட்டாக." உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். "யாரு, அந்த மாவு வேலை பாக்குற ஆளா? பாவம்" என்றவர், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். பதினேழு வருடம் தனக்குப் பல் செட் செய்து கொடுத்தவரின் பெயர் அவர் வாயில் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முனீஸ் அண்ணனோடு பழகிய உங்களுக்கு அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

கிளினிக்கின் பின்னறைதான் அவருடைய லேப். டாக்டர் நோயாளியின் வாயில் பசை வைத்து அளவெடுத்துக் கொடுப்பார். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கித் தருவது அண்ணன். நோயாளியை அவர் பார்க்கக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அளவு சரியில்லை என்று அண்ணன் திருப்பிக் கொண்டுவந்தார். "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று டாக்டர் சத்தம் போட்டார். "ஈறு நசுங்கிப் பதிஞ்சிருக்கு சார். இதுல செஞ்சா அந்தம்மா சோறு திங்க முடியாது." டாக்டர் மறுபடி அளவெடுத்தார். நோயாளியிடம் மட்டும், லேப்காரன் கெடுத்துவிட்டான் என்று சொன்னார்.

இதைவிடப் பெரிய அநியாயம் பிறகு நடந்தது. பழங்காநத்தத்திலிருந்து ஒரு கோயில் குருக்கள் மேல்பல் செட் வாங்கிப் போனார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "மந்திரம் சொல்றச்சே சீட்டி அடிக்கறதும்மா. அர்ச்சனைக்கு வர்றவா சிரிக்கறா. இப்படியே போனா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு கோயில்ல சொல்லிட்டா" என்றார். கண் கலங்கியிருந்தது.

பேச்சைக் கேட்டுக் கேட்டு, பல்லை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினால்தான் அந்தச் சீட்டி போகும். ஆனால் செட் மெட்ராஸிலிருந்து வந்தது என்று டாக்டர் ஏற்கெனவே அவரிடம் புளுகியிருந்தார். அண்ணன் மேலூர்ப் பக்கம் ஒரு சேரியில், வயல் கூலிகளின் வீட்டில் பிறந்தவர். "செஞ்சது யாருன்னு தெரிஞ்சா ஐயரு வாயில வைப்பாரா?" என்று என்னிடம் கேட்டார் டாக்டர். பிறகு அண்ணனிடம், "முனீசு, ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்க. வெளிய வரக் கூடாது" என்றார்.

குருக்கள் மந்திரம் சொன்னார். ஸ்கிரீனுக்குப் பின்னால் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். நான் செட்டைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்க, முன்பல்லுக்குப் பின்புறம் கொஞ்சம் ராவித் தருவார். நான்காம் தடவை சீட்டி அறவே நின்றது. "மெட்ராஸ்காரன் விட்ட குறையை நீங்க சரி பண்ணிட்டேள்" என்று குருக்கள் டாக்டரைக் கும்பிட்டார். டாக்டர் கூச்சமே இல்லாமல் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார்.

பின்னறையில் நான் அண்ணனோடு சண்டை போட்டேன். "நான்தான் செஞ்சேன்னு வந்து நிக்க வேண்டியதுதானேண்ணே?"

"அவரு கழட்டி வச்சுட்டா? அவரு பொழப்புல்ல போயிரும். பல்லு வாயில இருக்கட்டும் தங்கச்சி" என்றார். கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு, "அதுக்காக எனக்குக் கோவம் இல்லைன்னு நெனைச்சுக்காத" என்றார்.

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள் பழங்காநத்தம் போனேன். குருக்கள் இப்போதும் பூசை செய்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லலை? அவரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே."

அன்றைக்குத் தெரிந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பாரா, எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. நிறுத்தச் சொன்னவர் டாக்டர்தான், ஆனால் அன்றைக்கு அந்த ஸ்கிரீனை இழுத்து நிறுத்திய கை என்னுடையது. டாக்டர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அதை ஆறவிடப் போவதில்லை.

இப்போது லேப்பில் இன்னொருவர் வேலை செய்கிறார். செட் வாங்க வருகிற ஒவ்வொருவரையும் பின்னறைக்கு அழைத்துப்போய், இவர்தான் உங்களுக்குப் பல் செய்தவர் என்று பெயரைச் சொல்லிக் காட்டுகிறேன். டாக்டர் முறைக்கிறார். முறைக்கட்டும்.