காய்ச்சலுக்குக் கட்டிய வேப்பிலை

முதியோர் இல்லத்து நர்ஸுக்குப் பாதி வேலை மருந்து கொடுப்பது, மீதி வேலை கதவைச் சாத்துவது. சாத்திப் பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியும் அந்தப் பாடு!

போர்டு

பழனிசெட்டிபட்டியில் எங்கள் இல்லத்துப் பேச்சியம்மாவுக்குத் தொற்றுக் காய்ச்சல். ஐந்து நாள் தனி அறை என்றார் டாக்டர். எனக்குப் பயமெல்லாம் அவரோடு ஒரே அறையில் இருந்த ரோசம்மாவை நினைத்துத்தான். ராயப்பன்பட்டிக்காரர், இளைப்பு நோயாளி. இந்தக் காய்ச்சல் ஒட்டினால் அந்த நெஞ்சு தாங்காது.

'யாரும் உள்ளே வரக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒட்டினேன். பத்தே நிமிடத்தில் ரோசம்மா உள்ளே உட்கார்ந்து தாயம் உருட்டுகிறார்! கத்தினேன். "நாங்க ஒரே ரூம்புக்காரிக தாயி, நான் என்ன வெளியாளா?" என்றார்.

இலை

ஆளை வைத்துப் பூட்டவா முடியும்? வாசல் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக் கதவு நிலையில் கட்டினேன். அம்மை கண்ட அறை என்று நினைத்துக்கொள்ளட்டுமே! அடேயப்பா, ஈ காக்கா அந்தப் பக்கம் வரவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மதியம் சாம்பார், பொரியல் எதிலும் தாளிப்பே இல்லை. இல்லம் முழுக்க முணுமுணுப்பு. சமையற்காரர் கருப்பையாவைக் கேட்டால், "ஆத்தா வந்திருக்கையில கடுகு வெடிக்கலாமா சிஸ்டர்?"

மாத்திரை

அதைவிடக் கொடுமை, பேச்சியம்மா வாயைத் திறக்கவில்லை. அம்மைக்கு மாத்திரை ஆகாதாம். மாத்திரை போகாவிட்டால் காய்ச்சல் இறங்காது, ரோசம்மாவை எத்தனை நாள்தான் தடுப்பேன்? "அம்மை இல்ல பெரியம்மா, இலையை நான்தான் கட்டினேன்" என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "நீ கூப்புட்ட, அவ வந்துட்டா. வந்தவள மாத்திரையக் காட்டி வெரட்டச் சொல்றியா?" என்றார்.

ஜன்னல்

கடைசியில் ரோசம்மாவையே சரணடைந்தேன். மாஸ்க்கைப் போட்டு, வெளியே மூடிய ஜன்னலுக்கு அப்பால் நிறுத்தினேன். கண்ணாடியைத் தட்டி ஒரு அதட்டல்: "ஏ பேச்சி! எங்க மாதா உங்க ஆத்தாகிட்ட பேசிட்டாக. மாத்திர போடலாமாம், முழுங்குடி!" மறுபேச்சில்லாமல் மாத்திரை உள்ளே போனது.

ஐந்தாம் நாள் டாக்டர் பார்த்துச் சரி என்றார். ரோசம்மாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பேச்சியம்மா கேட்டபடி மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தாயக்கட்டையோடு வந்த ரோசம்மாவிடம், "வேப்பிலைக்கு இவ்வளவு பயமா?" என்று சீண்டினேன்.

"அம்மையில்லன்னு மொத நாளே தெரியும் தாயி. போர்டுல நீ அதட்டுன. இலை கட்டயில எனக்காக நீ பயப்புடுறது உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு, அதான் வெளியவே நின்னேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவைச் சாத்த ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன்; என்ன, இப்போதெல்லாம் சாத்துவதற்கு முன் சமையலறைக்குப் போய்க் கடுகுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிடுகிறேன்.