மூன்று வாரக் காய்ச்சல்

காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் எத்தனை தடவை பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள். கலியாண வீடு, கோயில் தேர், லண்டனிலிருந்து மாமா வந்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே வருத்தம்தான், காய்ச்சல். அம்மா படித்த காலத்தில் லீவுக் கடிதத்துக்கு அதைத் தவிர வேறு வசனமே கிடையாதாம்.

அந்த வசனத்தை நான் ஒஸ்லோவில், தொலைபேசியில், மூன்று வாரம் சொன்னேன். அம்மாவாகவே நடித்துச் சொன்னேன். அம்மாவின் நோர்வேஜியன் தட்டுத்தடுமாறும், என்னுடையது ஓடும். அவ்வளவுதான் காரணம். அம்மா சொல்லச் சொன்னது முதல் நாள் மட்டும். மிச்சமெல்லாம் என் கெட்டித்தனம்.

தங்கச்சிக்கு எட்டு வயது. உடற்பயிற்சி வகுப்பு முடிந்து குளிக்கிற இடத்தில் நாலு பிள்ளைகள் அவளுடைய உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஈரத் துவாயோடு வெளியே நடைபாதையில் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்து, அம்மா விட்டுவிட்டார். வகுப்பாசிரியையிடம் சொன்னோம்; சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, கதைத்துப் பார்க்கிறேன் என்றார். கதைத்தாரோ தெரியாது.

அம்மா ஊரில் கணக்கு ரீச்சர். இங்கே முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. மூன்றாவது வாரம் சொன்னார்: "காலமை நான் வீட்டிலதானே. நானே வைச்சுப் படிப்பிக்கிறன்."

நான் கல்லூரிக் கணினியில் சட்டத்தைத் தேடி எடுத்தேன். அனுமதி தேவையில்லை. கொம்யூனுக்கு, அதுதான் உள்ளூராட்சிக்கு, ஓர் அறிவித்தல் போதும். பிறகு அவர்கள் ஒரு ஆளை அனுப்பிப் படிப்பைப் பார்ப்பார்கள். இரண்டே வரியில் கடிதம் அடித்து அம்மாவிடம் நீட்டினேன்.

"இதென்னடி, தந்தி மாதிரி? தயவுகூர்ந்து அனுமதிக்கவும் எண்டது எங்கை?"

"அம்மா, இது விண்ணப்பம் இல்லை. நாங்கள் கேக்கேல்லை, சொல்லுறம்."

"ஓம், பெரிய மகாராணி. கொம்யூனுக்கே அறிவிக்கிறா."

அப்பா ரக்சிக் கார் ஓடிவிட்டு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அப்ப இவ்வளவு நாளும் காய்ச்சல் எண்டு சொன்னது?"

"அது பள்ளிக்கூடம், இது கொம்யூன். ரெண்டும் வேற ஆக்கள், அப்பா. ஆர் சேத்துப் பாக்கப் போகினம்?"

நான் அப்படித்தான் சொன்னேன். நம்பியும் சொன்னேன்.

நாலு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. பள்ளிக்கூட அதிபர். அம்மாவுடன் பேசலாமா என்றார். பழக்கதோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது. நான்தான் என்றேன்.

"உங்கள் மகளுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள்?"

அவர் நிதானமாக, அன்பாகக்கூடப் பேசினார். கடிதத்தின் பிரதி தன் மேசையில் இருக்கிறது என்றார். மூன்று வாரமாக இந்தப் பிள்ளையை வெளியாட்கள் ஒருவரும் பார்க்கவில்லை என்றார். வியாழக்கிழமை பெற்றோர் இருவரும் பிள்ளையோடு வரவேண்டும் என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் அது அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று எனக்கு உறைத்தது. கடும் வருத்தக்காரப் பிள்ளை. மருத்துவர் இல்லை. பிறகு திடீரென்று, இனி வரமாட்டாள் என்று ஒரு கடிதம். நானே அந்தக் கதிரையில் இருந்தாலும் பிள்ளையைப் பார்க்க ஆள் அனுப்ப நினைத்திருப்பேன்.

பிள்ளைகளின் நலத்தைப் பார்க்க இங்கே ஓர் அரசாங்க அலுவலகம் இருக்கிறது; எங்கள் சனம் அதன் பெயரைச் சொல்லாது. "அவங்கள்" என்றுதான் சொல்லும். பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுக்கிறவர்கள். ஒஸ்லோவிலேயே ஸ்டோவ்னர் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைச் சோறு தின்னத் தின்னத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அந்த வீட்டுக்காரரை ஒருவருக்கும் தெரியாது, கதை மட்டும் அம்மருட் பகுதி வரைக்கும் தெரியும். முன்பெல்லாம் நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன்.

அப்பா பகலிலேயே திரைச்சீலையை இழுத்து மூடினார். "நாளைக்கே லண்டனுக்கு, சித்தி வீட்டை அனுப்பிவிடுவம்."

"அனுப்பினா முடிஞ்சுது," என்றார் அம்மா. "ஒளிச்சவை எண்டு எழுதிப்போடுவாங்கள்."

"அப்ப இருந்து பாத்துக்கொண்டு இருப்பமோ? பிள்ளையைக் கொண்டு போவாங்கள்!" என்றார் அப்பா.

தங்கச்சி கதவடியில் நின்றதை நாங்கள் காணவில்லை. "அக்கா," என்று கேட்டாள், "என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறது ஆர்? பொம்பிளையோ?"

"ஒருத்தரும் வரமாட்டினம். போய்க் கணக்கைச் செய்," என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை. நானும் கூடப் போனேன்; ரயிலில் மனதுக்குள் ஒரு பேச்சு தயாரித்தேன். கிருமிக் காய்ச்சல், மருத்துவரிடம் நேரம் கிடைக்கவில்லை, அப்படி இப்படி. அதிபர் எங்களை இருத்திவிட்டு, நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தொலைபேசியில் உங்கள் நோர்வேஜியன் மிக நன்றாக இருந்தது."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். பிறகு தன்னுடைய உடைந்த நோர்வேஜியனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். காய்ச்சல் இல்லை. ஒரு நாளும் இல்லை. பேசியது மூத்த மகள். சொல்லச் சொன்னது நான்.

முதல் நாள் தவிர, மிச்சப் பதினான்கு தடவையும் ஒருவரும் கேட்காமலே சொன்னது நான்தான். முழுவதையும் அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

அதிபர் எழுதினார். பேனா நிற்கவே இல்லை. தங்கச்சியிடம், ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் துவாய்க் கதையை முழுவதும் சொன்னாள். மணி அடிக்கும்வரை நின்றாளாம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு தடவை கடந்து போனார்களாம். அம்மா அதை அப்போதுதான் கேட்கிறார். அதிபர் அதையும் எழுதினார், முகம் சிவந்து. எதை எழுதினார், யாருக்கு எழுதினார் என்று காட்டவில்லை.

எழும்பும்போது சொன்னார்: வீட்டில் படிப்பிப்பது உங்கள் உரிமை. கொம்யூனிலிருந்து செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒருவர் படிப்பைப் பார்க்க வருவார். பொய்யான காரணம் சொல்லிப் பிள்ளை நிறுத்தப்பட்டதையும் நான் அறிவித்தே ஆகவேண்டும். மற்ற அலுவலகமும் கூட வருமா என்பது என் கையில் இல்லை.

வீடு வரும் வழியில் அம்மா, "நீ இனிமேல் எனக்காகக் கதைக்காதை, பிள்ளை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

இன்று செவ்வாய். மணி ஒன்பது நாற்பது; கதவடியில் ஒருவர் நிற்பாரா, இருவரா என்று இன்னும் தெரியாது. தங்கச்சி பல் துலக்குகிறாள்.