ரயில் நின்றால்தான் அளவு

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் திருச்சபையின் ஞாயிறு பொதுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வீடும் முறைவைத்துக் குழம்பு செய்யும். போன தடவை எங்கள் குருமாவில் காய் கொஞ்சம், தண்ணீர் நிறைய. "கேரட்டு எங்கம்மா? ஷாஃப்டுல கேஜ் வுட்டு எறங்கித் தேடணும் போலக் கீதே!" என்றார், தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டில் தினமும் இறங்கி வேலை பார்த்த பெரியவர். பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் காலிக் குண்டானைத் தேய்தேயென்று தேய்த்தாள்.

மறுபடி எங்கள் முறை வந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்வரும் பெங்களூரில், அவளோடு வேலை செய்யும் தோழி தன் வீட்டுக் குருமாக் கணக்கைச் சொன்னாள். எல்லாமே டம்ளர்: நறுக்கின கேரட் இத்தனை, பட்டாணி இத்தனை, அதற்கு மசாலா இவ்வளவு. கடையிலோ எல்லாம் கிலோ. தோழியின் டம்ளரையே இரவல் வாங்கிக்கொண்டு, காய்க்கு அரைக் கிலோ வீதம் வாங்கி, சனிக்கிழமை சாயங்கால ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அரைக் கிலோவுக்கு எத்தினி டம்ளர்னு தெரிஞ்சாப் போதுங்க. மிச்சத்த பேட்டையில வாங்கிக்கலாம்."

நான் ஃபோனில் தேடி ஒரு கணக்கைப் படித்தேன்.

"அந்த ஃபோனு கேரட்ட எந்த சைஸுல வெட்டுச்சாம்?" என்றாள். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

எங்கள் ரயிலில் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டேதான் ஊர் திரும்புவார்கள். மடியில் தட்டு, கையில் சின்னக் கத்தி, வாயில் ஊர்க்கதை. இவளும் நறுக்கினாள். டம்ளரில் கேரட்டைத் தலைதட்டி நிரப்பினாள். வண்டி குலுங்கியது, கேரட் ஒரு விரல் இறங்கியது. மேலே போட்டாள். மறுபடி இறங்கியது.

"இன்னாக்கா, டம்ளரு ஓட்டையா?" என்றாள் எதிர் இருக்கைக்காரி.

இவள் சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் தட்டில் கவிழ்த்தாள். "டம்ளரு குடுத்தவ அடுப்பங்கரையில இன்னா ரயிலா ஓடுது? நின்ன எடத்துல அளந்தவ அவ. நானும் நின்னுதான் அளக்கணும்."

அதன்பின் ஓடும்போது நறுக்கினாள், நின்றபோது அளந்தாள். மாலூரில் கேரட். டேக்கலில் பீன்ஸ். பங்காருப்பேட்டையில் பட்டாணி, அரைக் கிலோவில் பாதி தோலாய்ப் பைக்குப் போயிருந்தது. "இது ரெண்டு பங்கு வாங்கணும்" என்று முணுமுணுத்தாள். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவன் நான்; அன்று ஜன்னலைக்கூட மறந்தேன். வண்டி வேகம் குறையும்போதெல்லாம் அவள் விரல்கள் டம்ளரை நோக்கி நகரும். அத்தனை பெரிய இரும்பும் இவளுக்காகத்தான் மூச்சடக்கி நிற்கிறது என்று நம்பினேன். கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்குள் டம்ளரெல்லாம் கிலோவாகிவிட்டன. பேட்டைக் கடையில் யோசிக்காமல் கேட்டு வாங்கினாள்.

ஞாயிறு பந்தியில் அவளே பரிமாறினாள். பெரியவர் சாப்பிட்டார். தட்டை மறுபடி நீட்டினார்.

கரண்டியை உயர்த்தியபடி நின்றாள். "கேஜ் கொண்டாரட்டுமா பெரீப்பா?"

"வோணாம்மா," என்றார் அவர், தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி. "எல்லாம் மேலயே கீது."