கூடைக்கு ஒரு வெடி

அந்த டீமில் சேர யாருக்கும் மனசு வரவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி பாஸ்கட்பால் டீம் வைத்திருந்தது. ஆட வருகிறவர்களுக்குக் கம்பெனியிலேயே வேலை, குடியிருக்க வீடு. இவ்வளவு இருந்தும் மதுரையில் ஒருவரும் அசையவில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தண்ணீர் உப்பு என்பார் ஒருவர். வெயில் மண்டையைப் பிளக்கும் என்பார் இன்னொருவர். அங்கே போய் ஆடினால் பேப்பரில் பேர் வராது, ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பார் மூன்றாமவர். எல்லாம் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு பேசியதுதான். காபி போட்டுக் கொடுத்தவள் நான், அதனால் ஒன்று விடாமல் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு மில் டீமில் இருந்தார். இருந்தார் என்றால், பெஞ்சில் இருந்தார். நல்ல உயரம், நல்ல கை. ஆனாலும் இரண்டு வருஷமாக அவரை இறக்கவில்லை. ஆடிவிட்டு வருகிறவனுக்குத் துண்டை எடுத்துக் கொடுப்பார், தண்ணீர்க் கூஜாவை நீட்டுவார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்திலிருப்பவள், "உங்க வீட்டுக்காரர் எது?" என்று கேட்பாள். எதைக் காட்டுவது? எனக்கு வயிறு எரியும்.

இதற்கெல்லாம் ஆரம்பம் சிவகாசிதான். மில் டீம் ஒருமுறை அந்தக் கம்பெனி மைதானத்துக்கு ஆடப் போயிருந்தது. அந்த ஊரில் ஒரு பழக்கம். பந்து கூடைக்குள் விழுந்தால் கைதட்டமாட்டார்கள், வெடி போடுவார்கள். கடைசி நிமிஷத்தில் இவருக்கு இரண்டு ப்ரீ த்ரோ கிடைத்ததாம், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிறது. முதல் பந்தை எறியக் கையைத் தூக்கும்போது எங்கோ ஒரு வெடி வெடித்தது. பந்து பலகையில்கூடப் படவில்லை. இரண்டாவதும் வெளியே போயிற்று. தோற்றுத் திரும்பிய நாளிலிருந்து பெஞ்சுதான். ஊர் திரும்பியதும் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிவிடும். வந்த டீமைக் கெடுக்கத்தான் வெடிக்கிறார்கள் என்று மில் ஆட்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கம்பெனி டீமின் கேப்டன்தான் ஆள் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் லேபிள் அச்சுப் பிரிவில் வேலை. சிரித்த முகம், விடாக்கண்டன். ஒவ்வொரு தடவையும் இவர் "பார்க்கலாம்" என்றே அனுப்பி வைத்தார். இவருடைய பார்க்கலாமுக்கு அர்த்தம் மாட்டேன் என்பது எனக்குத் தெரியும், பாவம் அவருக்குத் தெரியாது. மறுபடியும் பஸ் ஏறி வந்து நின்றார்.

அன்று நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நேராகவே கேட்டேன். "அங்கே இவரு என்னவா இருப்பாரு?"

"மொத எறங்குற அஞ்சு பேருல ஒருத்தரு மதினி. அண்ணாச்சி இல்லாம பந்தையே தூக்கிப் போட மாட்டோம்."

"அப்ப நாங்க வர்றோம்" என்றேன்.

இவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. கேப்டன் போனபிறகு வீட்டில் ஒரு பாட்டம் சண்டை. உப்புத் தண்ணீர், வெயில், பேப்பர் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து விட்டார். "இங்கே துண்டைப் பிடிக்கிறதுக்கு அங்கே போய்ப் பந்தைப் பிடிங்க" என்றேன். கடைசியில் அவர், "ஒரே ஒரு மேட்ச். பிடிக்கலேன்னா அடுத்த பஸ்ஸு" என்றார். எனக்கு அது போதும்.

விருதுநகரில் பஸ் மாறி, திருத்தங்கல் தாண்டி, பத்து மாதப் பிள்ளையோடு சிவகாசியில் இறங்கினோம். வேர்வையில் சேலை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கேப்டனும் டீமும் மாலையோடு நின்றிருந்தார்கள். மாலையைப் போட்டதும் யாரோ ஊதுபத்தியைக் கொண்டுபோய் எதிலோ வைத்தார். பார்த்தால், பஸ் நின்ற இடத்திலிருந்து தெருமுனை வரைக்கும் சரவெடியைப் பாம்பு மாதிரிப் படுக்கப் போட்டிருக்கிறார்கள்! காது கிழிந்துவிட்டது. என் பிள்ளை வீறிட்டுக் கத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டான். நான் முதுகைத் தட்டித் தட்டி, புகைக்குள்ளிருந்து ஓடி ஒரு சோடாக் கடைக்குள் நுழைந்தேன். அவன் மறுபடி அழத் தொடங்கியபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இவர் மாலையைக் கழற்றிக் கேப்டன் கையில் கொடுத்தார். "வந்த பஸ் இன்னும் கிளம்பல. வா போகலாம்" என்றார் என்னிடம்.

கேப்டன் முகம் செத்துவிட்டது. "என்ன அண்ணாச்சி, என்ன குத்தம் பண்ணினோம்? எங்க ஊருக்கு ஒருத்தர் வந்தா வெடி போடாம எப்படி? கல்யாணத்துக்குப் போடுற சரத்தவிடப் பெருசு இது."

நான் பூசி மெழுகிப் பேசுகிறவள் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கடை வாசலிலேயே சொன்னேன். "உங்க டீமுக்கு ஏன் ஒருத்தரும் வரலைன்னு தெரியுமா? இந்த வெடிதான். பந்து போடுறவன் காதுகிட்ட வெடிச்சா அவன் எப்படிப் போடுவான்? வேணும்னே கெடுக்குறீங்கன்னு மதுரை முழுக்கப் பேச்சு. இவரு ரெண்டு வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்கிறதும் அதனாலதான்."

"கெடுக்கவா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஐயோ மதினி, அது மரியாதைக்குப் போடுறது! வந்த டீமு போட்டாலும் வெடிப்போம். எங்களுக்கு வஞ்சனையே கிடையாது. அண்ணாச்சி எறிஞ்சப்ப வெடிச்சது, அதுக்கு முந்தி விழுந்த கூடைக்கு வச்சதா இருக்கும். திரி நமுத்துப்போயிருந்தா லேட்டாத்தான் வெடிக்கும்."

"அதை ஒருத்தரும் உங்ககிட்டச் சொல்லலையா?"

"எல்லாரும் தண்ணியத்தான் சொன்னாக. அதுக்காகத்தான் விஸ்வநத்தம் பக்கமிருந்து நல்ல தண்ணி வண்டி ஏற்பாடு பண்ணினோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று தெரிந்துபோனது அவருக்கு ஒரு வகையில் கஷ்டமாகவே இருந்திருக்கும். இரண்டு வருஷமாக யார் மேலோ வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? பஸ் கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை. நான் ஏறாதபோது அவர் ஏற முடியுமா?

நான் ஒரு நிபந்தனை போட்டேன். மேட்ச் முடிகிற வரைக்கும் ஒரு ஓலைவெடிகூட வெடிக்கக் கூடாது. முடிந்தபிறகு ஊரையே கொளுத்திக்கொள்ளட்டும். கம்பெனி ஆட்கள் கேப்டனைப் பிடித்து உலுக்கிவிட்டார்களாம். வெடி இல்லாமல் என்ன மேட்ச், இழவு வீட்டில்கூட வெடி உண்டே என்று. ஆனாலும் அந்த மனுஷர் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

மறுநாள் சாயங்காலம் மேட்ச். வெளியூர் டீம் வந்திருந்தது. கம்பெனியில் வேலை முடிந்து ஆணும் பெண்ணுமாய் வந்து மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கையில் இன்னும் வெடிமருந்துக் கறை. பாதிப் பேர் மடியில் வெடி இருந்தது, பற்றவைக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் என்னிடம், "உங்க வீட்டுக்காரரு எது மதினி?" என்று கேட்டாள். "அந்த உசரமா நிக்கிறாரே, நடுவுல" என்று கை நீட்டிக் காட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவர் முதல் கூடையைப் போட்டார். மைதானத்தில் ஒரு சத்தமில்லை. அந்த ஜனங்களுக்குக் கைதட்டிப் பழக்கமில்லை. வெடியும் கூடாது என்றபோது என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது போட்டார். அப்போதும் ஒன்றுமில்லை. இவர் சுற்றிமுற்றிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். யாரும் கண்டுகொள்ளாமல் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற அதே பார்வை. அப்புறம் அவர் எறிந்த பந்தெல்லாம் வெளியே போயிற்று. நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனாலும் எழுந்து போகமாட்டேன், கடைசிப் பந்து வரைக்கும் இருந்து பார்த்தே தீருவேன் என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் கேப்டனிடம் ஏதோ சொல்ல, கேப்டன் ஓடி வந்தார்.

"மதினி, அண்ணாச்சி வெடி போடச் சொல்றாக. நீங்க சரின்னாத்தான் போடுவோம்."

நான் மைதானத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். பிள்ளையின் காதை முந்தானையால் பொத்திக்கொண்டு, "தள்ளிப் போய் வைங்க. நமுத்த திரி கூடாது" என்றேன்.

அடுத்த பாதியில் அவருக்கு ஒரு ப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் போய் நின்றார். பந்தைத் தரையில் தட்டினார். எறிந்தார். பந்து கூடைக்குள் விழுந்தது, தூரத்தில் ஒரு ஓலைவெடி வெடித்தது. உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது அவருக்கு. அப்புறம் நிமிர்ந்து நின்றார். அவர் போட்ட கூடைக்கு வெடித்த முதல் வெடி அது. அதற்குப் பிறகு அவர் போட்ட கூடைக்கெல்லாம் வெடித்தது. வந்த டீம் போட்டதற்கும் வெடித்தார்கள், வஞ்சனையே இல்லாமல். என் பிள்ளை இரண்டு தடவை அழுதான், மூன்றாவதுக்குச் சத்தம் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தான்.

மேட்ச் முடிந்து, வெடிப்புகைக்குள்ளிருந்து சட்டையைப் பிழிந்துகொண்டு வந்தார். யார் ஜெயித்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்பாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டிக் கேப்டனிடம் போனார்.

"அந்த நல்ல தண்ணி வண்டி காலையில எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்.